வெற்றிடத்தில் எழுத வேண்டியது யாது?

மழை ஓய்ந்து இளவெயில் எறித்த ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை. 2025ஆம் ஆண்டு முடிவதற்குச் சில நாள்களே இருந்தன. விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்தபோது மூவர் வந்துகொண்டிருந்தனர். முன்னே என் பழைய மாணவன். அவன் பின்னே அவனுடைய தங்கை. இருவர்க்கும் பின்னே, கையில் ஒரு கடதாசிக் கட்டுடன் அவர்களுடைய தாய்மாமனார்.

தங்கை அயலிலுள்ள மகளிர் கல்லூரியொன்றின் மாணவி. அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றிற்கு அவள் விண்ணப்பிக்கின்றாள் என்றும், விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றும் மாமனார் சொன்னார். "அதற்கென்ன, பார்ப்போம்" என்றேன். அப்பொழுது தமையன், நிலத்தைப் பார்த்தபடியே ஒரு வார்த்தை சொன்னான்:

"சேர், இந்த முறை அந்தப் பெட்டியை வெறுமையாய் விடச் சொல்லாதையுங்கோ."

அவன் அதனைக் கோபத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைச் சொல்லுமுன், அந்தப் பெட்டி யாதென்பதை நேயர்களுக்கு விளக்கவேண்டும்.

எண்களும் சொற்களும்

நம் நாட்டிற் பல்கலைக்கழகத்துக்கு மாணவரைத் தெரிவு செய்வது பெரும்பாலும் எண்களின் வேலை. 2001ஆம் ஆண்டு தொடக்கம் இசட் புள்ளியே மாணவரின் தலைவிதியை வரைகின்றது. பல துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மாவட்டத்தின் கஷ்டத்துக்கு அங்கே ஓர் இடம் உண்டு; தனியொரு மாணவனின் கஷ்டத்துக்கு இல்லை. பரீட்சைக்கு முதனாள் தாயார் மருத்துவமனையிற் கிடந்தார் என்பதை எழுதுவதற்கு அந்தப் பத்திரத்தில் ஓரங்குல வெளியும் கிடையாது. முகம் பாராது எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும் முறை அது. அதற்குரிய சிறப்பும் அதற்கு உண்டு, குறையும் உண்டு.

அமெரிக்கக் கல்லூரிகளின் முறை வேறு. அங்கே 1975ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் கூடி, "ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு பத்திரம் நிரப்பி மாணவர் ஏன் அல்லற்பட வேண்டும்?" என்ற எண்ணத்தால் ஒரு பொதுப் பத்திரத்தை ஏற்படுத்தின. அதுவே 'கொமன் அப்ளிக்கேஷன்' எனப்படும் பொது விண்ணப்பம். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதிற் சேர்ந்துள்ளன. ஒரு மாணவர் கணினியில் ஒருமுறை அதனை நிரப்பி, 20 கல்லூரிகள் வரை அனுப்பலாம்.

அப்பத்திரத்திலே குடும்ப விவரம், பாடசாலை விவரம், பரீட்சைப் பெறுபேறு ஆகியன முதலில் வரும். பின்னர், வகுப்பறைக்கு வெளியே செய்த முயற்சிகள் பத்தினைக் குறிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளே இடம். பெற்ற பரிசுகள் ஐந்தினைக் குறிக்கலாம். அதன்பின் 650 சொற்களுக்கு மேற்படாத ஒரு கட்டுரை. இவையெல்லாம் முடிந்தபின், ஏறக்குறைய வாயிற்படியிலே நின்று விடைபெறும் வேளையில், "வேறேதும் சொல்ல விரும்புகின்றீரா?" என்று கேட்பதுபோல ஒரு வெற்றிடம் இருக்கும். அதற்கு 'மேலதிக விவரங்கள்' என்று பெயர். கட்டாயமன்று, விரும்பினால் எழுதலாம். முன்னர் 650 சொற்கள் வரை எழுத இடமிருந்தது. 2025 ஆகஸ்டு முதல் அது 300 சொற்களாகக் குறைக்கப்பட்டது. அதனருகே 'சவால்களும் சூழ்நிலைகளும்' என்று மற்றொரு வெற்றிடமும் உண்டு. அதற்கு 250 சொற்கள். இவ்விரண்டையுமே மாணவர் 'பெட்டி' என்று பேச்சுவழக்கிற் சொல்லுகின்றனர்.

நான் செய்த பிழை

2022ஆம் ஆண்டை இந்நாட்டவர் எவரும் மறக்கமாட்டார். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வடபகுதிக் கடற்றொழிலாளரின் சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் இல்லையேற் கடலில்லை; கடலில்லையேல் அடுப்பில்லை.

நான் சொன்ன பழைய மாணவன் ஒரு கடற்றொழிலாளரின் மைந்தன். அப்பொழுது உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிற் படித்துக்கொண்டிருந்தான். மாலையிற் கலனுடன் போய் வரிசையில் இடம்பிடித்து, விடியும்வரை நின்று, கிடைத்ததைத் தந்தையாரிடம் சேர்த்துவிட்டுப் பாடசாலைக்கு வருவான்; பல நாள்களில் வாராமலும் விடுவான். இரண்டு தவணைகளில் அவனுடைய புள்ளிகள் படியிறங்கின. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகள் நான்கிற்கு அவன் விண்ணப்பித்தான். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "சேர், இதிலை ஏதும் எழுதலாமோ?" என்று கேட்டான்.

நான் சொன்ன மறுமொழி இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. "வீட்டுக் கஷ்டத்தை அயலவனுக்கே சொல்லாத நாங்கள், அமெரிக்காக்காரனுக்கோ சொல்லுறது? விடு தம்பி."

அவன் விட்டுவிட்டான். நான்கு கல்லூரிகளும் இல்லையென்று மறுமொழி எழுதின. இங்கே அவன் பெற்ற இசட் புள்ளியும் பொறியியற் பீடத்துக்குப் போதவில்லை. பின்னர் தொழில்நுட்பக் கல்வி பெற்று, இப்பொழுது படகு எஞ்சின்களைத் திருத்தும் வேலை செய்கின்றான். நேர்மையான தொழில், கைராசிக்காரன் என்று ஊரிற் பெயரும் எடுத்திருக்கின்றான்.

பெட்டியில் எழுதியிருந்தால் அவனுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்நாட்டுக் கல்லூரிகள் பிறநாட்டு மாணவரை மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுட் பணமே பெரும்பாலும் முதன்மையானது. ஆனால் ஒன்று நிச்சயம். ஆறு மாதங்களாக இரவில் நித்திரையின்றி வரிசையில் நின்ற ஒரு பிள்ளையை அவர்கள் எடைபோட்டபோது, அந்த ஆறு மாதங்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் கண்டது, காரணமின்றிப் படியிறங்கிய புள்ளிகளை மாத்திரமே. காரணத்தை மறைத்தவன் நான். நான் அதற்கு மானம் என்று பெயரிட்டேன்.

விண்ணப்பம் என்ற சொல்

என் பிழையின் வேர் எங்கே என்று பின்னர் ஆராய்ந்து பார்த்தேன். நம் மொழியில் 'விண்ணப்பம்' என்ற சொல்லுக்கே தெய்வத்தின் முன்னும் அரசன் முன்னும் பணிந்து செய்யும் வேண்டுகோள் என்பது பழம்பொருள். 'குறை' என்ற சொல்லும் அவ்வாறே. குற்றமும் குறைதான், மனத்தாங்கலும் குறைதான், பெரியோரிடம் போய்க் கேட்பதும் குறை இரத்தல்தான். ஆகவே "உன் சூழ்நிலையைச் சொல்" என்று ஒருவர் கேட்டால், நம்மவர் இரண்டில் ஒன்றையே செய்கின்றனர். மானமுள்ளவர் வாய்மூடி விடுகின்றனர். மற்றையோர் மனு எழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

நான் முதல் வகை. அன்று வந்த தாய்மாமனார் இரண்டாவது வகை. கச்சேரியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். அழகிய கையெழுத்தும் ஆங்கிலப் புலமையும் உடையவர். மருமகளுக்காக அவர் எழுதிக் கொண்டுவந்த கடதாசியை வாசித்தேன். "மிக்க பணிவுடனும் தாழ்மையுடனும் தங்கள் பாதங்களிற் சமர்ப்பிப்பது" என்று தொடங்கி, வறுமை, விதி, கண்ணீர் யாவும் வரிசையாக வந்து, "தங்கள் கருணையே எமக்குக் கதி" என்று முடிந்தது. ஏறக்குறைய 600 சொற்கள். ஆனால் ஒரு திகதி இல்லை. ஓர் எண் இல்லை. என்ன நடந்தது என்பதே இல்லை.

"பிள்ளை, இது உம்முடைய கதைதானோ?" என்று கேட்டேன்.

அவள் மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "இதிலை அழுகிற ஆளை எனக்குத் தெரியாது சேர்."

மாமனார் முகம் சற்றே வாடிற்று. அவரை நான் குறை சொல்லவில்லை. கச்சேரி வாயிலில் ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுத்த அந்தப் பேனா பல குடும்பங்களுக்கு உதவியிருக்கும். அங்கே அதிகாரிக்கு இரக்கம் வரவேண்டியிருந்தது. இங்கே வாசிப்பவருக்கு வேண்டியது விளக்கம். இரக்கம் வந்தால் வரட்டும். அது அவருடைய மனத்தைப் பொறுத்தது.

வாசிப்பவர் நிலை

அமெரிக்கக் கல்லூரியொன்றின் அனுமதி அலுவலகத்தில் இருப்பவரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் முன்னே ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் அவரால் ஒதுக்கக்கூடிய நேரம் சிறிது. நம் ஊரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று பிரதான பாடங்களே என்பதும், 75 புள்ளி பெற்றால் இங்கே அது 'ஏ' சித்தி என்பதும் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். அவர் நாட்டிலே 75 என்பது நடுத்தரப் புள்ளி.

அங்குள்ள பாடசாலைகளில் இதற்கெனவே ஆலோசகர் இருக்கின்றார். பாடசாலையைப் பற்றிய விவரக் குறிப்பு, மாணவரைப் பற்றிய கடிதம், புள்ளிப் பதிவு ஆகியவற்றை அவர் அனுப்புவார். நம் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய ஆலோசகர் இல்லை. அதிபரோ, ஆங்கிலம் அறிந்த ஓர் ஆசிரியரோ அந்த வேலையைச் செய்யவேண்டியிருக்கின்றது. அவர் அவசரத்தில் நான்கு வரி எழுதி ஒப்பமிட்டால், விளக்கவேண்டிய பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் விழும். ஆசிரிய நண்பர்களே, இதனை நமக்கே சொல்லிக்கொள்கின்றேன்: புள்ளி முறையையும் பாடசாலையின் சூழலையும் நாம் விளக்கிவிட்டால், பிள்ளையின் 300 சொற்கள் பிள்ளைக்கே மிஞ்சும்.

இங்கிலாந்தில் இதனை வேறுவிதமாக வகுத்திருக்கின்றார்கள். அங்கே யூகாஸ் என்னும் நிறுவனத்தினூடாக விண்ணப்பிப்பவர், 2026ஆம் ஆண்டு அனுமதி தொடக்கம் மூன்று வினாக்களுக்கு விடையாகத் தம்மைப் பற்றி எழுதுகின்றார். நோய், துயரம் முதலாகப் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைக் கூறுவதற்கோ, ஆசிரியர் எழுதும் சான்றுரையிலேயே தனிக்கூறு உண்டு. பிள்ளை சொல்லக் கூசுவதை ஆசிரியர் சொல்லலாம் என்பது அதன் கருத்து. அமெரிக்க விண்ணப்பத்திலும் ஆசிரியர் கடிதம் அந்த உதவியைச் செய்யக்கூடும். எதனை யார் சொல்வது என்று ஆசிரியரும் மாணவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நன்று.

எழுதத் தக்கவை

அன்று மாலை தேநீர் அருந்தியபடியே, அந்தப் பெட்டிகளில் எவை இடம்பெறலாம் என்று நாங்கள் நால்வரும் ஒரு தாளிற் குறித்தோம். பிறர்க்கும் பயன்படும் என்பதால் அவற்றைத் தருகின்றேன்.

முதலாவது, புள்ளிகளிற் காணப்படும் ஏற்றத்தாழ்வுக்கு உண்மையான காரணம்: நோய், குடும்பத்தில் மரணம், இடம்பெயர்வு, பாடசாலை மாற்றம், வீட்டுப் பொறுப்பு. இவை 'சவால்களும் சூழ்நிலைகளும்' என்ற பெட்டிக்கு உரியவை. மற்றவை 'மேலதிக விவரங்கள்' பெட்டிக்கு.

இரண்டாவது, நாட்டில் நடந்த நிகழ்ச்சியாற் பத்திரத்தில் ஏற்பட்ட வெற்றிடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய வினாத்தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. பரீட்சை ஏன் முடியவில்லை என்பதை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டால், வாசிப்பவர்க்குச் சந்தேகம் எழாது.

மூன்றாவது, பெயர். நம்மவரிடையே தந்தையின் பெயர் முன்னே முதலெழுத்தாக நிற்க, பிள்ளையின் பெயர் பின்னே நிற்கும். மேல்நாட்டவர் பின்னே நிற்பதைக் குடும்பப் பெயரென்று கொள்வர். அதுமட்டுமா? தகரத்தைப் பிறப்புச் சான்றிதழில் 'ரீ' என்ற ஓரெழுத்தாலும், கடவுச்சீட்டில் அதனோடு 'எச்' சேர்த்தும் எழுதியிருப்பர். ஒரே பிள்ளை இரண்டு பிள்ளைகளாகத் தோன்றும். இரண்டு வரியில் விளக்கினால் அச்சிக்கல் தீரும்.

நான்காவது, பிறர் அறியாத பரிசுகளும் முயற்சிகளும். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி என்றால் நமக்கு உடனே விளங்கும்; அவர்களுக்கு விளங்காது. கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக வென்று தேசிய மட்டத்தை அடையும் போட்டி அது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். 150 எழுத்துகளுள் அடங்காத ஒரு முயற்சியை இங்கே சற்று விரித்துரைக்கலாம்.

இங்கே ஒரு சிறு செய்தி. அப்பெண் தன் முயற்சிகளின் நிரலில் இரண்டினை மாத்திரமே எழுதி, மற்றவற்றை வெறுமையாக விட்டிருந்தாள். "நான் ஒரு சங்கத்திலும் இல்லை சேர், பள்ளிக்கூடம் விட்டால் வீடுதான்" என்றாள். வீட்டில் என்ன செய்கின்றாய் என்று கேட்டேன். நாடோறும் தந்தையாரின் மீன் விற்பனைக் கணக்கை எழுதுவது அவள். சங்கத்துக்குக் கட்டவேண்டிய கடன் தவணையைப் பார்ப்பது அவள். தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவள். அந்த அமெரிக்கப் பத்திரத்திலே குடும்பப் பொறுப்பு என்பதும், ஊதியத்துக்குச் செய்யும் வேலை என்பதும் முயற்சிகளின் வகைகளாகவே குறிக்கப்பட்டுள்ளன. விவாதக் கழகத்துக்கு உள்ள அதே வரிசை அடுப்படிக்கும் உண்டு. இதனை அறிந்தபோது அவள் முகத்திலே தோன்றிய வியப்பை நான் என்ன சொல்வேன்! தான் செய்துவந்தது வேலை என்று ஒருவரும் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

தவிர்க்கத் தக்கவை

எழுதக்கூடாதவையும் சில உண்டு. முன்னர் எழுதிய கட்டுரைக்கு இது இரண்டாம் பாகம் அன்று. பரிசுகளை மறுபடி அடுக்கும் இடமும் அன்று. ஒவ்வொரு 'பீ' சித்திக்கும் சமாதானம் கூறுவதும், ஆசிரியர் சரியாகப் படிப்பிக்கவில்லை என்று பழி சுமத்துவதும் தமக்கே கேடாக முடியும். பணவுதவி வேண்டுமாயின் அதற்கெனத் தனிப் பத்திரங்கள் இருக்கின்றன; குடும்ப வருவாயின் விசேட நிலைமைகளை அங்கேதான் விளக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, பொய் கூடாது. பத்திரத்தில் உள்ளவை உண்மை என்று மாணவர் ஒப்பமிடுகின்றார். பொய்யென்று பின்னர் தெரியவந்தால், கிடைத்த இடமும் பறிபோகலாம். கஷ்டத்தைச் சொன்னால் இடம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, இல்லாத கஷ்டத்தைக் கற்பிக்கும் பெற்றோரும் உளர். பிள்ளையின் முதற் கல்லூரிப் படியிலே பொய்யை வைத்து அதில் ஏறச் சொல்வது எவ்வகைப் பெற்றோர் கடமை?

சொல்வதற்கு ஒன்றுமில்லையா? வெறுமையாக விடுங்கள். வெறுமையான பெட்டி எவருக்கும் கேடு செய்யாது. வெறுஞ் சொல் நிறைந்த பெட்டி வாசிப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். வள்ளுவர் பயனில சொல்லாமைக்கென ஓரதிகாரமே வகுத்தமையை மாணவர் மறத்தலாகாது.

ஏழு வாக்கியங்கள்

மாமனாரின் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, நான் அப்பெண்ணிடம் நான்கு வினாக்களைக் கேட்டேன். எப்பொழுது? என்ன நடந்தது? அதனாற் படிப்புக்கு என்ன நேர்ந்தது? பின்னர் நீ என்ன செய்தாய்? அவள் தன் பழைய தேர்ச்சி அறிக்கையை எடுத்துவரச் சொல்லித் தமையனை வீட்டுக்கு அனுப்பினாள். புள்ளிகளைச் சரிபார்த்தபின் ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் அது ஏறக்குறைய இப்படி வரும்:

"2022 மார்ச் முதல் ஆகஸ்டு வரை எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்தது, என் தந்தையார் கடற்றொழிலாளர், அவருடைய படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. தந்தையாரும் தமையனாரும் இரவுகளில் வரிசையில் நின்றனர்; மீன் கிடைத்த நாள்களிற் தாயார் விடியுமுன் சந்தைக்குப் போனார்; நான் சிறிய தம்பியைப் பார்த்துக்கொண்டேன். அந்தத் தவணையில் 23 நாள்கள் பாடசாலைக்குச் செல்லவில்லை. என் கணிதப் புள்ளி 81இலிருந்து 58 ஆயிற்று. மண்ணெண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியபின் ஒரு நாளும் தவறாமற் சென்றேன். அடுத்த தவணையில் 79 பெற்றேன். தந்தையாரின் கணக்கை எழுதும் வேலையை அக்காலத்தில் ஏற்றுக்கொண்டேன்; இன்றும் செய்கின்றேன்."

மாமனார் வாங்கி வாசித்தார். "இவ்வளவுதானோ மாஸ்ரர்? ஓர் உருக்கமும் இல்லையே!" என்றார்.

"ஐயா, அந்த 23 என்ற எண்ணை இன்னொருமுறை வாசியுங்கோ" என்றேன்.

அவர் வாசித்தார். நீண்டநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "'என் தந்தையார் கடற்றொழிலாளர்' என்று நேராக எழுதிப்போட்டாள். நானென்றால் அதை மறைத்திருப்பேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது.

தமையனிடமும் தாளைக் கொடுத்தாள். எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் அதன் ஓரத்தைப் பிடித்தபடி அவன் வாசித்தான். "தமையனாரும் இரவுகளில் வரிசையில் நின்றனர்" என்ற இடத்தில் அவன் கண்கள் சற்றுத் தரித்தன. அந்த ஆறு மாதங்கள் முதன்முறையாகக் கடதாசியில் ஏறியிருந்தன. அவனுடைய பத்திரத்தில் அல்ல, தங்கையின் பத்திரத்தில்.

"தம்பி, அன்றைக்கு நான் சொன்னது பிழை" என்றேன்.

"பரவாயில்லை சேர்" என்றான். "இதிலை இருக்குதுதானே."

முடிவாக

இக்கட்டுரையை எழுதும்வரை அவளுடைய விண்ணப்பத்துக்கு மறுமொழி வரவில்லை. வருவது எதுவாயினும் வரட்டும். இசட் புள்ளி போதுமாயின் இங்கேயே படிப்பாள். போதாவிடினும் அவள் கணக்கெழுதிப் பிழைத்துக்கொள்ளும் கெட்டிக்காரி. ஏழு வாக்கியங்களால் ஒரு கல்லூரியின் கதவு திறந்துவிடும் என்று எந்த மாணவரும் மயங்கவேண்டாம். அப்பெட்டி மந்திரக்கோல் அன்று.

பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. கேட்கப்படாத இடத்தில் நம் கஷ்டத்தைச் சொல்லித் திரிவது மானக்கேடு என்று நம் முன்னோர் கருதினர், அது தகும். ஆனால் ஒருவர் இடம் ஒதுக்கிக் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்வது இரத்தல் ஆகாது, அது சாட்சியம். சாட்சி கூறுபவன் அழவேண்டியதில்லை, அலங்கரிக்கவேண்டியதில்லை, அஞ்சவேண்டியதும் இல்லை. நாளையும் எண்ணையும் சரியாகச் சொல்லி, நிமிர்ந்து நின்று, தன் இருக்கைக்குத் திரும்பினாற் போதும்.

என்னிடம் இனி எந்தப் பிள்ளையாவது வந்து, "சேர், இதிலை ஏதும் எழுதலாமோ?" என்று கேட்டால், "விடு தம்பி" என்று சொல்லமாட்டேன். "என்ன நடந்தது?" என்று முதலிற் கேட்பேன்.